எண்ணிக்கையில் இரண்டு பிள்ளைகள் குறைவு

ஹோல்மி ஏரி, மிச்சிகன்
அக்டோபர் 14

அன்புத் தங்கை ஐலிக்கு,

அண்ணன் ரெய்னோ எழுதுவது. நான் நலம். பள்ளிப் பேருந்தும் நலம், அதன் ஹீட்டர் மட்டும் படுத்துவிட்டது. அரிசோனாவில் நீயும், சுரங்கத்தில் மாப்பிள்ளை வெர்னரும், பிள்ளைகள் லெம்பியும் நீலோவும் வெயிலில் கருகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இது குடும்பக் கடிதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி விஷயம். அரசாங்க விஷயம் என்றே வைத்துக்கொள்.

போன புதன்கிழமை தலை எண்ணும் நாள். உனக்குத் தெரியாததா? வருஷம் முழுக்கப் பிள்ளைகள் வந்தாலும், மாநிலம் நம் பள்ளிக்குக் கொடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தலைகளைப் பார்த்துத்தான். அன்றைக்குக் காய்ச்சல் வரக்கூடாது, பல் விழக்கூடாது, எந்த அப்பனும் மகனைக் கூட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போகக்கூடாது. அதற்காகத்தான் மதியம் பீட்சா, சாயங்காலம் குலுக்கலில் ஒரு சைக்கிள். இந்த வருஷம் பள்ளி வாரியம் வேறு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது: அறுபது தலைக்குக் கீழே போனால் வடக்குச் சாலைப் பேருந்து நின்றுவிடும், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஸ்டோன் ஃபால்ஸ் பள்ளிக்குப் போக வேண்டியதுதான். வடக்குச் சாலை என்றால் நான். இருபத்திரண்டு வருஷமாக நான் ஓட்டும் வண்டி.

அதனால் புதன்கிழமை விடியும்போதே கிளம்பிவிட்டேன். வாசல் வாசலாக ஹார்ன் அடித்தேன். ஹேக்கலா வீட்டில் பையன் ஒரு காலில்தான் பூட்ஸ் போட்டிருந்தான், அப்படியே தூக்கி உள்ளே வைத்தேன். அவன் அம்மா இன்னொரு பூட்ஸோடு வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தாள். ஹெரன் சாலை வந்ததும் பனி கொட்ட ஆரம்பித்தது. அங்கே இரண்டு சிறுமிகள் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். "டிரைவர் மாமா, உங்க ஸ்கூல்ல இன்னிக்குப் பீட்சாவாமே?" என்றாள் ஒருத்தி. மாமா என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாகக் கதவைத் திறந்துவிட்டது. இரண்டும் நேராக வந்து என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்தன. அது யார் இருக்கை என்று உனக்கே தெரியும். ஆகஸ்டில் நீங்கள் ஊரைவிட்டுப் போனதிலிருந்து அங்கே என் சாப்பாட்டு டப்பாதான் உட்கார்ந்து வருகிறது. கண்ணாடியில் இரண்டு தொப்பிகள் தெரிந்தன, சளசளவென்று பேச்சு கேட்டது. எனக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. பள்ளி வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினேன்.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் சைமா கொன்டியோ எண்ணினாள். சரியாக அறுபது! கட்டிப்பிடித்துக் கத்தினோம், சைமாவின் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. இரண்டாவது பீட்சாத் துண்டு வாயில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. ஸ்டோன் ஃபால்ஸ் பள்ளி மேலாளர்.

"எங்க பிள்ளைங்க ரெண்டைத் தூக்கிட்டுப் போயிட்டீங்களாமே? அதுவும் எண்ணுற நாள்ல?"

ஹெரன் சாலையின் இடப்பக்கம்தான் நம் பள்ளியின் எல்லை. அந்தச் சிறுமிகள் வலப்பக்கம். அதை மறக்க நான் ஒருவனால்தான் முடியும். "தூக்கலைங்க, அதுங்களாத்தான் ஏறிச்சுங்க" என்றேன். "கதவு அதுவாத்தான் திறந்துச்சா?" என்றார் அவர். நானே கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது இரண்டும் கையாட்டின. திரும்பி வந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து அந்த இருக்கையில் வைத்தேன். ஐம்பத்தெட்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எண்ணும் நாளில் சொல்லிவிட்டு விடுப்பில் இருந்த பிள்ளை, முப்பது நாளுக்குள் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் கணக்கில் சேரும். அது சட்டம். உன் பிள்ளைகளின் பதிவேட்டை அங்கே அனுப்பச் சொல்லி அரிசோனாவிலிருந்து இன்னும் தாள் வரவில்லை. பெயர் இங்கேதான் இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் லெம்பியும் நீலோவும் கொஞ்சம் நீண்ட விடுப்பில் இருக்கிறார்கள், அவ்வளவுதானே! இதைச் சைமாவிடம் சொன்னேன்.

"யோவ் ரெய்னோ, ஒரு பிள்ளை ரெண்டு ஊர்ல உக்கார முடியாதுய்யா."

"ஏன் முடியாது? தினமும் என் வண்டியில உக்காந்துதான் வருதுங்க."

அவள் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆகவே தங்கையே, நவம்பர் ஆறுக்குள் ஒரே ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. காலையில் வகுப்பில் உட்காரட்டும், மதியம் சாப்பிடட்டும். சாயங்காலம் நானே வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறேன். சவுனா நீராவிக் குளியலறையைச் சூடாக்கி வைக்கிறேன், நீலோவுக்குப் பிடித்த மாதிரி கேரட் போடாமல் இறைச்சி அடைத்த பேஸ்டி சுட்டு வைக்கிறேன். என் வேலைக்காகக் கேட்கவில்லை. ஊருக்காக, பள்ளிக்காக, மாநிலத்தின் நிதி முறைக்காகக் கேட்கிறேன்.

அங்கே உங்கள் ஏர்கூலர் நிற்காமலும், மாப்பிள்ளையின் முதுகு பிடிக்காமலும், பிள்ளைகள் எங்கள் ஏரியை மறக்காமலும் இருக்க வாழ்த்தும்,

உன் அண்ணன்,
ரெய்னோ

பி.கு.: சலோ வீட்டுப் பெண் பிள்ளைகள் இருவரும் எண்ணும் நாளில் அம்மை போட்டு வீட்டில் இருந்தார்கள் என்று மேலே எழுத விட்டுப்போயிற்று. திங்கட்கிழமை அவர்கள் வகுப்புக்கு வந்துவிட்டார்கள், சைமாவும் எழுதிக்கொண்டாள். அறுபது. வண்டி ஓடும். அரிசோனாத் தாளும் நேற்றே வந்துவிட்டது. உன் பிள்ளைகளின் பெயரை அடித்து நீக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். இது எல்லாம் தெரிந்துதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். மாநிலத்துக்கு ஒரு தலையும் குறையவில்லை, ஐலி. எனக்குத்தான் இரண்டு குறைகிறது. கிறிஸ்துமஸுக்காவது வாருங்கள்.