கடல் மாஸ்டர் விட்ட ஒரு சாண் இடைவெளி

திருப்பூரில் இருந்துகொண்டே கடலோடு சண்டை போட்டு ஜெயித்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அதுவும் தன் வீட்டு ஹாலை விட்டு வெளியே போகாமல்.

வேலம்பாளையத்தில் நான் துணி விரிக்கும் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். எங்களுக்குக் கடல் மாஸ்டர். அவர் வீட்டு ஹாலில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அது நிறைய உப்புத் தண்ணீர், அதற்குள் உயிருள்ள பவளங்கள்.

"மீன் வளர்த்தாப் பத்தாதுங்களா மாஸ்டர்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். நான் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் மெஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார்.

"நான் வெட்டுனா துணி சின்னதாகுதுங்க. பவளத்தை வெட்டுனா அது ரெண்டாகுது. காலமெல்லாம் வெட்டறவனுக்கு இதைவிட என்னங்க வேணும்?"

பண்ணையில் வளர்த்துத் துண்டு போட்டு விற்பவற்றைத்தான் வாங்குவார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'கட் பீஸ்'.

வெட்டும் மேசையில் அவர் ஒரு மகான். கை, முன்பக்கம், பின்பக்கம் என்று எல்லா அளவு அட்டைகளையும் துணிமேல் நெருக்கி அடுக்கி, நடுவில் நூல் நுழையாதபடி கோடு போடுவார். இடைவெளி என்றால் வேஸ்ட். வேஸ்ட் என்றால் பாவம். பஸ்ஸில் இரண்டு பேர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தால்கூட, "நகருங்க, இங்க ஒரு பீஸ் விழும்" என்று சொல்லி நடுவில் உட்கார்ந்துவிடுவார்.

தொட்டியையும் அப்படித்தான் அடுக்கினார். பவளத்தோடு பவளம் தோள் உரசி நின்றது. கல்யாணப் பந்தியில்கூட அவ்வளவு நெருக்கத்தை நான் பார்த்ததில்லை.

அதில் மாம்பழ நிறத்தில் இருந்த ஒன்று அவர் மனைவியுடையது. அந்த அக்காவே கடையில் பார்த்துப் பிடித்து வாங்கியது. திடீரென்று அது ஒரு பக்கம் சுருங்கி, வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பித்தது. மாஸ்டர் உப்பை மாற்றினார், விளக்கை மாற்றினார், மின்விசிறி ஓடும் திசையைக்கூட மாற்றினார். அது சுருங்கிக்கொண்டே போனது.

மாதாந்திரக் கரண்ட் நிறுத்தம் வரும் நாளில் கம்பெனிக்கு லீவு. அன்று மாஸ்டர் வீட்டுக்குப் போய், வழக்கம்போல வாசல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இன்வெர்ட்டரில் தொட்டி மோட்டார் மட்டும் ஓடியது. காலையிலிருந்து விளக்கு இல்லாமல் தொட்டி இருட்டாகக் கிடந்தது. சாயங்காலம் ஆகும்போது, பக்கத்திலிருந்த பச்சைப் பவளத்திலிருந்து மெல்லிய இழை ஒன்று நீண்டு வந்து மாம்பழத்தைத் தொடுவதைப் பார்த்தேன்.

"மாஸ்டர், அது நூல் விடுதுங்க."

அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். "அட கிராதகா. பக்கத்தூட்டுக்காரனைக் கொட்டிப்போட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்கறயா?"

இரண்டையும் பிரிக்க அவர் எடுத்து மாட்டியதுதான் வேடிக்கை. துணி வெட்டும்போது கட்டிங் மாஸ்டர்கள் கையில் போடும் இரும்பு வலைக் கையுறை. கத்தியே இறங்காத கையுறையில் பவளம் என்ன செய்துவிடும் என்று நினைத்தார். வலையில் ஓட்டை இருப்பது உள்ளே கையை விட்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

கையை உதறினார். ஓடிப்போய் குழாய்த் தண்ணீரில் கழுவினார். எரிச்சல் ஏறியது. பனியன் வேஸ்ட் துணியை எடுத்து அழுத்தித் தேய்த்தார். கை தடித்துச் சிவந்து, ஒருசேர வீங்கியது.

கிளினிக்கில் டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடலுக்குப் போயிருந்தீங்களா?"

"இல்லீங்க. ஹாலுக்குப் போயிருந்தேன்."

டாக்டர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னார். "நல்ல தண்ணியில கழுவுனா விஷம் இன்னும் இறங்கும். சுத்தமான உப்புத் தண்ணியில கழுவோணும். தேய்க்கவே கூடாது. ஒட்டியிருக்கற இழையைச் சாமணத்தால எடுத்துப்போட்டு, தாங்கற சூட்டுல வெந்நீருக்குள்ள கையை வைங்க. மூச்சு வாங்குச்சுன்னா உடனே ஓடியாந்துருங்க."

வீட்டில் அக்கா கோர்ட்டை ஆரம்பித்தார். "என்ற பவளமும் போச்சு, உங்க கையும் போச்சு. பொங்கல் வரைக்கும் பாப்பேன். அது மறுபடி விரிஞ்சா தொட்டி இருக்கட்டும். இல்லீனா பல்லடத்துக்கு."

பல்லடத்தில் அக்காவின் தம்பி கோழிப்பண்ணை வைத்திருந்தார். கோழிக்குத் தண்ணீர் வைக்க அந்தத் தொட்டிமேல் அவருக்கு நெடுநாள் கண்.

வீக்கம் வடிந்ததும் மாஸ்டர் போருக்குப் போனார். முழங்கை தாண்டும் புது ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. மோட்டாரை நிறுத்தி, மாம்பழத்தைத் தொட்டித் தண்ணீர் நிறைந்த பேசினுக்கு மாற்றினார். செத்த ஓரத்தை வெட்டிப் போட்டு, மீதியைப் பவளத்துக்கான அயோடின் மருந்தில் முக்கித் திரும்ப வைத்தார். அதுவரை சுலபம்.

அடுத்து இடைவெளி விட வேண்டும். இஞ்ச் டேப்பை வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் நெடுநேரம் நின்றார். நாலு விரல் விட்டார்.

"அந்த நூல் அதைவிட நீளமுங்க," என்றேன்.

"இதுக்கு மேல விட்டா மனசு ஆறாதுங்க."

கடைசியில் ஒரு சாண் விட்டார். பச்சையைத் தொட்டியின் அடுத்த கோடிக்கு, நீரோட்டம் மாம்பழத்தின் பக்கம் வராத மூலைக்கு, நாடு கடத்தினார். இடம் பற்றாத சிலவற்றைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தார். அன்று அவர் முகம் ஒரு ரோல் துணியைத் தப்பாக வெட்டியவர் முகம்போல இருந்தது.

மாட்டுப் பொங்கலன்று தம்பி குட்டியானை வண்டியில் அக்காவுக்குச் சீர் கொண்டுவந்தார். கரும்பு இறங்கியது. பின்னாலேயே கயிறும் இறங்கியது.

"வண்டி வெறுமனே திரும்பக்கூடாதுங்க மச்சான்."

"இப்பத்தான் விளக்கைப் போட்டிருக்கறேன், விரியுதான்னு பாக்கோணும். காப்பி குடிங்க மாப்ள, அப்பறம் தூக்கலாம்," என்றார் மாஸ்டர்.

தம்பி காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். வெட்டிய ஓரத்துக்குப் பக்கத்தில் முதலில் ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. டம்ளர் கீழே வருவதற்குள் மாம்பழம் முழுசாக விரிந்து, சீர்த்தட்டை விடப் பளிச்சென்று நின்றது.

அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "கயித்தைச் சுருட்டு கண்ணு."

"அப்ப கோழிக்குங்கக்கா?"

"கோழிக்குப் பக்கெட் வை."

மாஸ்டர் வாசலுக்குப் போய் அந்த வீதிக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பொழைச்சுக்குச்சுங்க!" யாருக்கும் என்ன பிழைத்தது என்று தெரியாது. ஆனாலும் நாலு பேர் வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

திரும்பி வந்தவர், வாசல் ஓரத்தில் இருந்த என் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், தொட்டிக்கு எதிரே தன் நாற்காலியோடு ஒட்டிப் போட்டார்.

"வாங்க, உக்காருங்க. இங்க கேப் வேண்டாமுங்க."

எவ்வளவோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அவ்வளவு நெருக்கமாக யாரும் எனக்கு இடம் போட்டதில்லை.