தரை வழியே வெளியேறியவர்

ஜூன் 14, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். 203-ஆம் அறையின் படிவத்தில் ‘வெளியேறிய வழி’ என்ற கட்டத்தில் ‘கதவு’ என்று எழுதிவிட்டேன். சரியான விடை ‘தரை’. அடித்துத் திருத்தி, ஓரத்தில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

இவ்வுலகில் வீட்டு உரிமையாளரைப் போல் வஞ்சிக்கப்பட்ட உயிர் வேறில்லை. மாலை நேரச் சட்ட வகுப்பில் பதினோரு வாரமாக அவருடைய உரிமைகளைத்தான் படிக்கிறோம். பகலில் நான் குமாஸ்தாவாக இருக்கும் ஒசாக்கா அலுவலகத்திலோ, அவ்வுரிமைகளின் திருவுருவமாக வீட்டு உரிமையாளர் உரானோ ஐயாவே அமர்ந்திருக்கிறார்.

அவருடைய பழைய மரக்கட்டடத்தின் மாடியில் பத்தொன்பது ஆண்டுகள் குடியிருந்தவர் கிசே அம்மா. சென்ற வியாழன் காலை, துவைத்த துணிக் கூடையோடு நடக்கையில் தரை உடைந்து, கீழ்வீட்டு இவாமியின் சாப்பாட்டு மேசைமேல் ‘இறங்கினார்’. இடதுகால் முறிந்து, அப்படியே மருத்துவமனைக்குப் போய்விட்டார். ஒப்பந்தப்படி தர வேண்டிய ஒரு மாத முன்னறிவிப்பைத் தரவில்லை.

“சொல்லாம கொள்ளாம போயிட்டாங்க பாத்தியா?” என்று உரானோ ஐயா கண் கலங்கினார். “போறதுதான் போறாங்க, தரையையும் கூட்டிக்கிட்டா போகணும்?”

உடனே ஒரு கடிதம் தயாரானது: ‘என் சொந்த விருப்பத்தின் பேரில், முன்னறிவிப்பின்றி வெளியேறினேன். சேதத்துக்கு நானே பொறுப்பு.’ இங்கே கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரை, கிசே அம்மாவுடையது, அதில் விழுந்துவிட்டால் புதுத் தரை அவர் தலையில்; முறிந்த காலுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றேன். கட்டுப்போட்ட கால் கயிற்றில் தொங்க, அவர் வாசித்தார்.

“‘சொந்த விருப்பம்’னு போட்டிருக்கே தம்பி. நான் என்ன நீச்சல் குளத்துலயா குதிச்சேன்?”

“எப்பவும் அப்படித்தாம்மா எழுதுவாங்க.”

“ராத்திரி வகுப்புல சட்டம் படிக்கிறியாமே. வீட்டுக்காரருக்குக் கடமைன்னு ஏதாச்சும் உண்டா?”

“அது பன்னிரண்டாவது வாரம்மா. அன்னிக்கு விடுமுறை.”

சிரித்தார், கால் வலித்து முகம் சுளித்தார். “சரி, குத்திடறேன். என் முத்திரை மாடியில என் அறை ஜன்னலோரத்து இழுப்பறையில கெடக்கு. உங்க ஐயாவே அதை எடுத்துக்கிட்டு வரட்டும். வேற யார் கொண்டுவந்தாலும் குத்த மாட்டேன்.”

மாலையில் உரானோ ஐயா 203-இன் கதவைத் திறந்தார். துளைக்கு அப்பால் இழுப்பறை தெரிந்தது. சுவரோரமாக இரண்டடி அகலத்துக்குத் தரை மிச்சமிருந்தது. அவர் வாசலிலேயே நின்றார். கீழிருந்து இவாமி சோற்றுக் கிண்ணத்தோடு அண்ணாந்து பார்த்து, “வாங்க, வாங்க! மேசையை நகர்த்தி வச்சிட்டேன்!” என்றார்.

“போங்கய்யா,” என்றேன். “காலியான அறைக்குள்ள நுழையறது உங்க உரிமை. பாடப்புத்தகத்துல நாற்பத்திரண்டாம் பக்கம்.”

“உனக்கென்ன பைத்தியமா? மழைத்தண்ணி எறங்கி உத்தரமெல்லாம் இத்துப்போயிருக்கு. மூணு வருஷம் முன்னாடியே தச்சர் சொல்லிட்டார். நான் எண்பத்தஞ்சு கிலோ!”

“கிசே அம்மாகிட்ட அதைச் சொன்னீங்களா?”

“அவங்க நாற்பது கிலோதானே. தாங்கும்னு விட்டுட்டேன்.”

உரிமையாளர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! குடியிருப்பவரின் எடையைக்கூட மூன்று ஆண்டுகள் நினைவில் வைத்திருக்கிறார். சரியாகக் கேட்டேனா என்ற சந்தேகத்தில் இருமுறை கேட்டு, தேதி, நேரம், இருவர் எடை எல்லாம் குறித்துக்கொண்டேன். முன்னறிவிப்பைத் தராமல் வைத்திருந்தவர் வெளியேறியவர் அல்லர்; மாதந்தோறும் வாடகை வாங்கியவர்.

நாளை: காலை எட்டரைக்கு, ஐயா சொன்னதை நல்ல கையெழுத்தில் எழுதிக் கிசே அம்மாவிடம் கொடுக்க வேண்டும். பிறகு வேறு வேலை தேட வேண்டும்.