கடப்பாக்கத்துக்கு வந்த பனி டயர்

புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கிற மரியாதை ரொம்ப ஆபத்தானது. அவன் எதைச் சொன்னாலும் மாமனார் வீட்டில் தலையாட்டுவார்கள். குழம்பில் உப்பு தூக்கல் என்றால் தூக்கல்தான். கல்யாணமான புதிதில், அந்தத் தலையாட்டல் எல்லாம் என் அறிவுக்குக் கிடைத்த சான்றிதழ் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (நம்பியது நான் ஒருத்தன்தான் என்கிறாள் என் மனைவி பர்வீன்.)

நான் செங்கல்பட்டுக்காரன், நாவலூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். மாமனாருக்குக் கடப்பாக்கத்தில் மீன் வியாபாரம். படகு கரைக்கு வந்ததும் மீனை வாங்கி, ஐஸ் போட்டு, பிக்கப் வண்டியில் மாமல்லபுரத்து ஹோட்டல் ஒன்றுக்கு அனுப்புவார். ஓட்டுவது மச்சான் ரபீக். அந்த வீட்டில் அடுப்பெரிவதே அந்த ஹோட்டல் ஆர்டரில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போயிருந்தபோது, வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தது. நாலு டயரும் மொட்டை. மாமனார் வழக்கமான கடைக்குக் கிளம்பினார்.

"இருங்க மாமா, நான் பாத்து வாங்கித் தரேன்" என்று போனை எடுத்தேன்.

செருப்பு வாங்கக்கூட ஊர் உலகத்து விமரிசனத்தை எல்லாம் படிக்கிற ஆள் நான். பிரியாணி செரிப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். பனி, ஐஸ், சேறு மூன்றுக்கும் ஏற்ற டயர். விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம். மலைப்பிரதேசத்துக்கென்று வரவழைத்து விற்காமல் கிடந்த சரக்கு என்பதால் கடை விலையைவிட ரொம்ப மலிவு.

"பனியா?" என்றார் மாமனார் மெதுவாக. வெளியே வெயிலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

"நம்ம வண்டி தினம் எதை ஏத்துது மாமா? ஐஸ். மழை பெஞ்சா கரைக்குப் போற வழி? சேறு. மூணுல ரெண்டு பொருந்துதே."

(வண்டிக்குள் இருக்கிற ஐஸுக்கும் வண்டிக்கு அடியில் இருக்கிற டயருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் மாப்பிள்ளை மனசு நோகுமே.)

மாமனார் ரபீக்கைப் பார்த்தார். ரபீக் சுவரைப் பார்த்தான். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ள" என்றார் மாமனார்.

டயர் மாட்டிய மறுநாள், லீவு போட்டுவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். தார் ரோட்டில் வண்டி மாவு மில் மாதிரி இரைந்தது.

"இன்னா மச்சான், காது அடைக்குது" என்றான் ரபீக்.

"அதான் கிரிப்பு" என்று கத்தினேன்.

கரையில் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து ஏற்றி ஐஸ் போட்டாயிற்று. கிளம்பும்போது சக்கரம் மணலில் லேசாக அழுந்தியது. எப்போதும்போல, மணலில் புதையாதபடி டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட ரபீக் கதவைத் திறந்தான்.

"இந்த டயருக்கு அதெல்லாம் வேணாம். நல்லா மிதி மச்சான்."

மிதித்தான். டயர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மணலைக் கவ்விக் கவ்விப் பின்னால் எறிந்தது, நாய் குழி பறிக்கிற மாதிரி. "இன்னும் மிதி" என்றேன். அச்சு வரைக்கும் புதைந்து நின்றது.

வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் வந்து சுற்றி நின்றார்கள். "டயரு புச்சா கீதே அண்ணாத்த" என்றார் ஒருவர் மரியாதையாக. பின்பக்கம் ஐஸ் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ஹோட்டலிலிருந்து போன். மீன் வருமா, வேறு ஆளிடம் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். இந்த ஆர்டர் போனால் மாமனார் வீட்டுப் பிழைப்பு போச்சு, அதுவும் என்னால்.

ரபீக் போன் போட்டதில் மாமனார் பைக்கில் வந்து சேர்ந்தார். வண்டியைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். அப்போதும் முன்சீட்டை விட்டு இறங்காத என்னைப் பார்த்தார்.

"யோவ், இன்னா குந்திகினு கீற? எறங்கித் தள்ளு."

ரபீக்குக்கு மூச்சே நின்றுவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன். வாய் நிறைய மணல் வந்ததே தவிர வண்டி அசையவில்லை. மாமனார் என்னிடம் சாவிக்குக் கையை நீட்டினார். அவர் வீட்டு வாசலில் நின்றது என் புதுக் கார். சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றியிருக்கவில்லை. ரபீக் பைக்கில் போய் அதை எடுத்து வந்தான். டிக்கியிலும் பின்சீட்டிலும் வஞ்சிரமும் ஐஸும் ஏறின. ஏசியை முழுசாக வைத்து நான் ஓட்ட, மடியில் ஒரு பெரிய மீனோடு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஹோட்டலில் முணுமுணுத்துக்கொண்டே எடை போட்டார்கள். ஆர்டர் தப்பித்தது.

கார் தப்பவில்லை. கழுவாத இடமில்லை, போடாத சென்ட் இல்லை. நாவலூர் ஆபீஸ் பார்க்கிங்கில் என் காரைச் சுற்றி மட்டும் பூனைகள் உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டில் இப்போது என் பேச்சுக்கு யாரும் தலையாட்டுவதில்லை. மீனைக் கையில் கொடுத்து, கழுவி வை என்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வீட்டில் யார் அதிகப்படியாக யோசனை சொன்னாலும், கார் எங்கே நிற்கிறது என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

சமீபத்தில் மச்சினியின் புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தார். வண்டிக்கூரையில் சோலார் தகடு போட்டால் ஐஸ் செலவே இருக்காது என்று நீளமாக விளக்கினார். எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம். ரபீக்குக்குப் புரையேறியது. மாமிதான் இன்னொரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்துக்கொண்டே, "கார எங்க நிறுத்திக்கீறீங்க மாப்ள?" என்று கேட்டார்.

"வாசல்லதான் மாமி. ஏன், எடுக்கணுமா?" என்றார் அவர்.