சுவர் செய்த பாரபட்சம்

மனிதகுல ஒற்றுமைக்காக ஒரு மண்டபத்தையே இடித்த மாமேதை என்று வருங்காலம் யாரையாவது போற்றுமானால், அது அந்தப் பெரிய நிர்வாகியைத்தான்.

தன் பெயின்ட் கம்பெனியோடு ஒரு பசைக் கம்பெனியை இணைத்த கையோடு, ஊழியர்கள் "இரண்டறக் கலப்பதற்காக" கம்பெனி மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார். கலந்தார்கள். ஏ.சி. குளிரத் தொடங்கியதும் பிரிந்தார்கள். பெயின்ட்காரர்கள் சுவரோரம் அப்பிக்கொண்டார்கள். பசைக்காரர்கள் நடுவில் திட்டுத் திட்டாக நின்றார்கள்.

நிர்வாகி ஆய்வுக்கூடத் தலைவியை அழைத்தார்.

"பசைக்காரங்களே ஒட்டலைன்னா வேற யாரும்மா ஒட்டுவா? 'கலக்கும் குணமில்லை'ன்னு அறிக்கை எழுதுங்க. மொத்தமா வீட்டுக்கு அனுப்பிடறேன்."

தலைவி மண்டபத்தின் நடுப்பக்கம் திரும்பிப் பார்த்தார். நடுத்திட்டு ஒன்றில் பசைக்காரரான அவர் கணவரும் நின்றிருந்தார்.

"குணத்துல தப்பில்ல சார். ரெண்டு திரவத்தைக் கலந்து குளிர வெச்சா பிரியத்தான் செய்யும். எது ஓரம், எது நடுங்கறதைப் பாத்திரத்தோட சுவர்தான் முடிவு பண்ணும். அதுக்குப் பிடிச்சது ஒட்டிக்கும்."

"சுவருக்குப் பிடிக்குமா? அப்ப அது பாரபட்சம்!"

"சுவரோரம் மெத்தை நாற்காலி போட்டு, 'பெயின்ட் பிரிவுக்கு மட்டும்'னு எழுதியிருக்கு சார்."

"பாத்தீங்களா! என்ன திமிரு அந்தச் சுவருக்கு!"

"சுவர் நடத்தை விசாரணைக் குழு" அமைந்தது. விளக்கம் கேட்டுச் சுவரிலேயே நோட்டீஸ் ஒட்டப்பட்டது, பெயின்ட்காரர்களின் கைகளால். சுவர் வாய் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று ஒருமனதாகத் தீர்மானித்து, மண்டபத்தைத் தரைமட்டமாக்கினார்கள்.

அடுத்த கூட்டம் வெட்டவெளியில். வெயில் எல்லோரையும் பாரபட்சமின்றிக் காய்ச்சியது. என்ன ஆச்சரியம், கலந்தார்கள்! பெயின்ட்காரர் குடைக்குள் பசைக்காரர் புகுந்தார். தலைவியின் கணவர் எவரோ ஒரு பெயின்ட்காரரின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பொழுது சாய்ந்து குளிர்காற்று வீசியபோது நிர்வாகி கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நடுவில் நின்றார். குடைகள் பட்பட்டென மடங்கின. பெயின்ட்காரர்கள் அவரைச் சுற்றி அடை அடையாக அப்பினார்கள். பசைக்காரர்கள் மறுபடி எட்டப் போய்த் திட்டானார்கள்.

"இங்கதான் சுவரே இல்லையே! அப்ப கோளாறு பசைக்காரங்ககிட்டதான். போடுங்கம்மா கையெழுத்து."

தலைவி கணவரைப் பார்த்தார். போனால் ரெண்டு வேலையும் போகட்டும்!

"போட மாட்டேன் சார். இன்னும் ஒரு சுவர் மிச்சம் இருக்கு."

"எங்க? காட்டுங்க, இப்பவே இடிச்சிடலாம்!"

"இடிக்க முடியாது சார். அது கோட்டு போட்டுக்கிட்டு என்கிட்ட கையெழுத்துக் கேக்குது."