தாட்சாயினிக்குக் கட்டடம் படிக்க இடம் தேடினது

மல்லாவி,
வெள்ளிக்கிழமை.

கனடாவில் வசிக்கும் அன்பு மச்சான் கனகலிங்கம் அவர்கட்கு,

இங்கு நானும், தங்கள் தங்கை சிவரூபியும், பிள்ளை தாட்சாயினியும் நலம். அங்கு தாங்களும் மச்சாளும் குளிருக்குள் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறோம். போனில் எடுத்தால் தாங்களே கதைத்து முடித்துவிடுவதால் இதை எழுத்தில் அறியத் தருகிறேன்.

ஏ.எல். உயர்தரப் பரீட்சையில் தொழில்நுட்பப் பிரிவில் சித்தியடைந்த பிள்ளை, கட்டட நிர்மாணத் தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று நிற்பது தாங்கள் அறிந்ததே. தாங்கள் சொன்ன கொழும்புத் தனியார் கல்லூரிக்கு மூவரும் போனோம். கண்ணாடிக் கட்டடம், ஏசி. வாசலிலை வரவேற்க நிண்ட பெட்டை எங்களைக் கதிரையிலை இருத்தி பற்றிசும் தேத்தண்ணியும் தந்தா. நான் ரெண்டாவது பற்றிசைக் கடிக்கேக்கையே சம்மதிச்சிட்டன். பிள்ளைதான், "கொங்கிறீற் குழைக்கிற இடத்தைக் காட்டுங்கோ" எண்டாள். அந்தப் பெட்டை கொம்பியூட்டரைத் திறந்து மெசினின்ரை படத்தைக் காட்டினா. "மெசின் எங்கை நிக்குது?" "அது வெளிநாட்டிலை எடுத்த படம்." வரேக்கை லிப்ற் இடையிலை நிண்டுபோச்சு. தெரிஞ்ச தேவாரம் முழுக்கப் பாடிக்கொண்டு வெளியிலை வந்த உங்கடை தங்கச்சி, "இதைக் கட்டினவையிட்டையோ என்ரை பிள்ளை படிக்கிறது?" எண்டு ஆக்களுக்கு முன்னாலையே கேட்டிட்டா.

பிறகு வவுனியாவிலை ஒரு இடம். அங்கை கழுத்திலை ரை கட்டின ஒருத்தர், "பொம்பிளைப்பிள்ளைக்கு இது சரிவராது ஐயா, வெயிலுக்கை நிண்டு கறுத்துப்போவா" எண்டார். எனக்கு எங்கையிருந்து கோபம் வந்துதோ தெரியாது, "அவள் என்னோடை வயலுக்கை நிண்டு ஏற்கனவே கறுத்திட்டாள்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன். பஸ் எங்கடை பக்கம் வந்து நெட்டாங்கண்டல் தாண்டினாப் பிறகு பிள்ளை, "அப்பா, சண்டை முடிஞ்சு வந்து நாங்கள் தறப்பாள் கொட்டிலிலை இருக்கேக்கை எங்கடை வீட்டுத்திட்ட வீட்டுச் சுவர் எழும்பினது ஞாபகமே? சுவருக்குத் தண்ணி ஊத்தினது நான். அண்டையிலையிருந்து எனக்கு வேறை ஆசை இல்லை" எண்டாள். நான் யன்னலுக்கு வெளியாலை பாத்துக்கொண்டு வந்தன் மச்சான்.

கடைசியிலை கிளிநொச்சிப் பல்கலைக்கழகத்தடிக்குப் போனம். சப்பாத்துப் போட்ட பெட்டையள் சீமெந்துக் கல்லை மெசினிலை வைச்சு நசிச்சுப் பாத்துக்கொண்டு நிக்கினம். இவள் வேலியைப் பிடிச்சவள், விடேல்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்திலை அதைத்தான் முதலாவதாப் போட்டம், மிச்ச இடங்களைப் பேருக்கு எழுதினம். பஸ்ஸிலை போய்வரலாம், பின்னேரம் வீட்டுச் சாப்பாடு. ஆகவே குடும்பத் தலைவன் எண்ட முறையிலை நான் எடுத்த முடிவு கிளிநொச்சி. கொழும்பு வேண்டாம் எண்டதுக்குத் தாங்கள் கோபிக்கக் கூடாது.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தொப்பி போடாமல் வெளிக்கிடாதேங்கோ. அம்மன் துணையிருப்பா.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
யோகலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் பல்கலைக்கழக முடிவு வந்திட்டுது. கிளிநொச்சி வெட்டுப்புள்ளிக்குப் பிள்ளையின்ரை புள்ளி காணாதாம். அதே படிப்பு, தெற்கிலை, சிங்கள ஊரொண்டிலை, கடற்கரைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்திலை கிடைச்சிருக்கு. கொழும்பையும் தாண்டிப் போகவேணும். ஆகவே மேலே உள்ள என்ரை முடிவை வெட்டிப்போட்டு வாசியுங்கோ. பிள்ளை நிலத்திலை கால் படாமல் திரியிறாள். சிவரூபி அழுதழுது பிள்ளை கொண்டுபோக மிளகாய்த்தூள் இடிக்கிறா. நான், "என்ரை பிள்ளை சாப்பிட்டிட்டுதோ?" எண்டதைச் சிங்களத்திலை பாடமாக்கிறன். விடுதிக்குப் போன் எடுத்தா வேறை என்ன கேக்கிறது.