வியூகமாக யோசித்த தம்பி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் சௌக்கியம். நீயும் அத்தானும் எங்களைவிட ஒரு படி கூடுதல் சௌக்கியமாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை உன் கடிதம் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி.

உனக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். பை தைக்கும் எங்கள் தொழிற்சாலையில் ஆள் எடுப்பதும் அறிவிப்பு ஒட்டுவதும் என் வேலை. மூன்றே மாதத்தில் பதினெட்டுத் தையல்காரர்கள் வேலையை விட்டுப் போக, நானும் சளைக்காமல் 'நாம் ஒரே குடும்பம்' என்று வண்ண வண்ணமாக நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். புது மேலாளர் கூப்பிட்டு, ஒட்டினது போதும், இனி வியூகமாக யோசியுங்கள் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர, ஒரு மண்ணும் விளங்கவில்லை. வெள்ளைப் பலகை ஒன்றை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் வட்டமும் அம்புக்குறியுமாகப் போட்டுத் தள்ளினேன். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தவர்கள், அம்பு காட்டுகிற பிரிவையெல்லாம் மூடப்போகிறார்கள் என்று கிளப்பிவிட, இன்னும் இரண்டு பேர் ராஜினாமா கொடுத்தார்கள். அடுத்து என் சீட்டுத்தான் கிழியும் என்று பயந்து உனக்குப் புலம்பி எழுதினேன். நீ நர்ஸ் அல்லவா, அப்போதே ஒரே வரியில் பதில் போட்டாய்: "எங்க வலிக்குதுன்னு கேக்காம ஊசியைத் தூக்கிட்டு ஓடுறியேடா."

பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தையல் பிரிவுக்குப் போனேன். ஏன் எல்லோரும் போகிறார்கள் என்று மேற்பார்வையாளர் அம்மாவிடம் கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "ஒரே குடும்பம்னு ஒட்டியிருக்கீங்க சார். என் குடும்பம் பூட்டின வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருக்கு."

ஆறு மணிக்கு வேலை முடிகிறதாம். வாசலில் கைப்பையைச் சோதிக்க ஒரே காவலாளியாம். வரிசை நகர்வதற்குள் ஆறே கால் பஸ் போய்விடுகிறதாம். அடுத்தது ஏழரைக்காம், அதுவரை பிள்ளை தெருவிலாம். ஆறு வருடமாக அந்த வரிசையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறேன் அக்கா. ஏன் நிற்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

ஒருவர் போனால் புது ஆளுக்குக் கை பழக எத்தனை வாரம், இன்னொரு காவலாளி வந்தால் எத்தனை பேர் தங்குவார்கள் என்று ஒரே தாளில் எழுதி மேலாளர் முன் வைத்தேன். "இதைத்தான் சார் கேட்டேன்" என்றார். மறுவாரமே இன்னொரு காவலாளியோடு இரண்டாவது வாசல் திறந்தது. இரண்டு மாதமாக ஒருவரும் போகவில்லை. போனவர்களில் நான்கு பேர் திரும்பிவிட்டார்கள். திட்டக் கூட்டத்தில் எனக்கும் நாற்காலி போடுகிறார்கள். எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் இனி பேனா மூடியைத் திறப்பதில்லை என்று இருக்கிறேன். எல்லாம் உன் புண்ணியம்.

அத்தானுக்கு என் வணக்கம். மூத்தவள் நீ, வாழ்த்தை அங்கிருந்து அனுப்பு. எங்கள் புது வீட்டை நீ பார்த்ததே இல்லை. எப்போதுதான் வரப்போகிறாய்?

நன்றி மறவாத
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தைப் படித்த உன் தம்பி மனைவி, "அண்ணி கேட்டதுக்குப் பதிலே காணோமே" என்றாள். திங்கட்கிழமை வந்த உன் கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி ரயிலில் வருகிறேன், புது வீட்டுக்கு வழி தெரியாது, ஸ்டேஷனுக்கு வந்துவிடு என்று எழுதியிருக்கிறாய். இன்று ஞாயிறு, மணி பத்தரை. சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே இதை எழுதுகிறேன். தபால்தலை ஒட்டவில்லை, கையிலேயே தந்துவிடுகிறேன்.