கேட்டைத் தாண்டக் கூடாத மாடு

தியாகராய நகர்,
18-7-1973, புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை கருணாகரனுக்கு, மாமா சிதம்பரநாதன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தை பங்கஜமும் ஒரு பசுமாடும் நலம். மாட்டின் நலம் மட்டும் நாளைக்குத்தான் உறுதியாகும். உங்கள் நலமும் சுந்தரவல்லி, குழந்தை நலமும் அறிய ஆவல்.

அடுத்த வெள்ளிக்கிழமை குழந்தையோடு வருவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது வர வேண்டாம். திங்கட்கிழமை காலை பால்காரர் தணிகாசலம் மாட்டை ஓட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்து, "சார், கொட்டாய்ல மாட்டு டாக்டர் வந்துகீறாரு, ஊசி போடப் போறாராம். அரை மணி நேரம் இத்த உங்க காம்பவுண்டுல கட்டிக்கிறேன்" என்றார். நானும் புத்தி கெட்டுப்போய்ச் சரி என்றேன். ஊசிக்குப் பயந்தது மாடு என்று நினைத்தேன், பயந்தது ஆள். டாக்டர் வழியெல்லாம் சாணியைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்துவிட்டார். மாட்டுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கக் கழுத்தில் ஊசி போட்டு, அந்த இடம் வீங்குகிறதா என்று வியாழக்கிழமை வந்து பார்ப்பேன், அதுவரை மாடு இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது, பாலை யாருக்கும் ஊற்றக் கூடாது என்று எழுதி, என்னிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மாடு செம்பருத்தியைத் தின்றது, கொடியில் காய்ந்த என் வேட்டியில் பாதியைத் தின்றது. மாட்டை விட்டுப் போகமாட்டேன் என்று தணிகாசலம் கார் ஷெட்டில் படுத்துவிட்டார், அவருக்குச் சோறு கொண்டுவந்த சம்சாரம் தேவானையும் திரும்பிப் போகவில்லை. தெருவே செம்போடு வந்து என்னிடம் சண்டை பிடிக்கிறது. "மாடு உங்க வூட்லதான கீது? எல்லாப் பாலையும் நீங்களே குடிக்கிறீங்களா சார்?" என்கிறாள் எதிர்வீட்டு செண்பகம். குழியில் கொட்டுகிறோம் மாப்பிள்ளை, குழியில்! எங்களுக்கே கடுங்காப்பிதான். நாலு வருஷமாக இந்த மாட்டுப் பால்தான். காய்ச்சித்தானே குடித்தோம், காய்ச்சித்தானே குடித்தோம் என்று உங்கள் அத்தை சுவரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த லட்சணத்தில் கைக்குழந்தையைக் கொண்டுவரலாமா? மாடு தொலைந்ததும் எழுதுகிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
சிதம்பரநாதன்

பி.கு.: வியாழன் பகல். தபாலில் போடுவதற்குள் டாக்டர் வந்துவிட்டார். வீக்கம் இல்லை, மாட்டுக்கு ஒன்றுமில்லை, பால் குடிக்கலாம். நானே போய்க் கேட்டை அகலத் திறந்தேன். அப்புறம்தான் சொல்கிறார், கொட்டகையில் தணிகாசலத்தின் இன்னொரு மாட்டுக்கு நோயாம். அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். நல்ல மாட்டை இரண்டு மாதத்துக்கு அங்கே கொண்டுபோகக் கூடாதாம். "இத்த இட்டுக்கினு நான் எங்க சார் போவேன்?" என்று தணிகாசலம் கேட்டடியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். என்ன செய்ய, கேட்டை மூடிவிட்டேன், மாடு உள்ளே. ஆகவே மேலே எழுதியதை விட்டுவிட்டு மூவரும் அவசியம் வாருங்கள். வரும்போது கேட்டைக் கொஞ்சமாகத் திறந்து நுழையவும், மாடு வெளியே போய்விடும்.